ஆம்பல் எண்டு பிள்ளைக்குப் பேர் வைக்கலாமோ? அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

என்ர மூத்தவளுக்கு ஆம்பல் எண்டு பேர். இலங்கையில, வன்னியில முள்ளியவளைப் பக்கம் இருக்கிறம். கிளினிக்கில, கோயில்ல, பஸ்ஸில எண்டு ஆராவது ஒராள் பேரைக் கேட்டுப்போட்டு உடன அடுத்த கேள்வி கேப்பினம். பிள்ளை கிடைக்கப்போற தெரிஞ்ச பிள்ளையள் வட்ஸப்பில வொய்ஸ் போட்டு "அக்கா அந்தப் பேரைப் பற்றி ஒருக்கா சொல்லுங்கோ, அவருக்குப் பிடிச்சிருக்கு, ஆனா மாமிக்குப் பிடிக்கேல்லையாம்" எண்டு கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்ல ஏலாமல்தான் எல்லாத்தையும் ஒரேயடியா எழுதி வைக்கிறன். நான் தமிழ் பண்டிதர் இல்லை, ஆனா பிள்ளைக்கு வைக்க முதல் தேடிப் படிச்சனான்.

ஆம்பல் எண்டால் என்ன?

குளத்துப் பூ. நாங்கள் சாதாரணமா அல்லி எண்டு சொல்லுறம், அதின்ர பழைய தமிழ்ப் பேர்தான் ஆம்பல். மாரி மழைக்குக் குளம் நிரம்பி கொஞ்ச நாளில தண்ணிக்கு மேல வட்ட வட்டமா இலை விரியும், இலையின்ர விளிம்பைத் தடவிப் பாத்தா சின்னப் பல்லுப் பல்லா இருக்கும், அடிப்பக்கம் மெல்லிய மயிர் மாதிரி ஒரு சொரசொரப்பு. பூ கூடுதலா வெள்ளை, சில இடத்தில றோஸ், கடுஞ்சிவப்பும் இருக்கு. ராவிலதான் விரியும். விடிய வயலுக்குப் போற ஆக்கள் பாக்கலாம், பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு போனா எல்லாம் மூடிக்கிடக்கும், அதால பாதிப்பேர் இது மொட்டாவே இருக்கிற பூ எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்.

சின்னனில நீங்களும் செய்திருப்பியள், அந்த நீட்டுத் தண்டைப் பிடுங்கி, ஒரு விரலளவு முறிச்சு ஒரு பக்கத்துத் தோலை அறாமல் இழுத்து விட்டு, பிறகு மற்றப்பக்கம் முறிச்சு இழுத்து, அப்பிடியே கடைசி மட்டும் போனா பூவே பதக்கமாத் தொங்குற மாலை வரும். கழுத்தில போட்டா சட்டை முழுக்க நனைஞ்சு சேத்து மணம் மணக்கும், வீட்டில ஏச்சு விழும். அந்தப் பூதான்.

அல்லியும் ஆம்பலும் ஒண்டெண்டால் அல்லி எண்டே வைக்கலாமே?

வைக்கலாம், வடிவான பேர்தான். ஆனா அல்லி எண்டதும் எங்கட ஆக்களுக்கு அல்லி அரசாணிதான் ஞாபகம் வரும், ஆம்பிளையளை ஆட்டிப்படைச்ச அல்லி ராணி. பெட்டை கொஞ்சம் வாய் காட்டினா "உனக்கு அல்லி ராணி எண்ட நினைப்போ" எண்டு ஏசுறது வன்னி வழிய இப்பவும் இருக்கு. எனக்கு அதில ஒரு குறையும் தெரியேல்லை எண்டது வேற கதை.

இன்னொரு விசயம் கனபேர் கவனிக்கிறதில்லை. குமுதம் எண்டு வடமொழியில சொல்லுறதும் இந்தப் பூவைத்தான், குமுதினி எண்டால் குமுதப் பூ நிறைஞ்ச கொடி அல்லது பொய்கை. எங்கட அம்மாமாற்ற காலத்தில ஊருக்கு ரெண்டு குமுதினி, ஒரு குமுதா இருந்தினம். அப்ப ஆம்பல் எண்ட பேர் புதுசாக் கேக்குதே தவிர அந்தப் பூவை பிள்ளைக்கு வைக்கிறது எங்களுக்குப் புதுசில்லை. சிங்களப் பிள்ளையளுக்கும் குமுது, மானெல், உபுலி எண்டு நீர்ப்பூப் பேருகள் சாதாரணம். நாட்டின்ர தேசிய மலரும் இந்தக் குடும்பந்தான், நீல மானெல், 1986இல அறிவிச்சது. பங்களாதேசத்தின்ர தேசிய மலர் வெள்ளை ஆம்பல், அங்க அதுக்கு சாப்லா எண்டு பேர், பெண்பிள்ளையளுக்கும் அதை வைக்கிறவை. மலையாளத்தில இண்டைக்கும் ஆம்பல் எண்டுதான் பேச்சு வழக்கில சொல்லுவினம், கோட்டயத்துக்குக் கிட்ட மலரிக்கல் எண்ட இடத்தில வயல் முழுக்க றோஸ் ஆம்பல் பூக்கிறதைப் பாக்க சனம் விடியக்காலமை வள்ளத்தில போகுது. நாங்கள்தான் அந்தச் சொல்லைப் புத்தகத்துக்குள்ள விட்டிட்டம்.

தாமரை, குவளை, நெய்தல் எல்லாம் இதேதானோ?

இல்லை. தாமரை வேற குடும்பம், இலையும் பூவும் தண்ணிக்கு மேல எழும்பி நிக்கும், பகலில விரியும். ஆம்பல் இலை தண்ணியோட ஒட்டிப் படுத்திருக்கும், ஒரு பக்கம் வெட்டு விழுந்திருக்கும். குவளை, நெய்தல் எண்டு பழைய ஆக்கள் சொன்னது நீலப் பூக்களை எண்டு பொதுவா எடுக்கிறவை. உரைகாரர் ஒருத்தருக்கொருத்தர் கொஞ்சம் மாறிச் சொல்லுவினம், அதுக்குள்ள நாங்கள் இறங்கத் தேவையில்லை, பேர் வைக்கிறதுக்கு இவ்வளவும் காணும்.

இது எவ்வளவு பழைய சொல்லு? ஆராவது இப்ப உருவாக்கின பேரோ?

சங்கப் பாட்டிலேயே இருக்கு. குறிஞ்சிப்பாட்டில கபிலர் 99 பூவை வரிசையாச் சொல்லுறார் இல்லையோ, "ஒண்செங் காந்தள் ஆம்பல் அனிச்சம்" எண்டுதான் துவங்குது, ரெண்டாவது பூவே இதுதான்.

பூவுக்கு மட்டுமில்லை, ஆம்பல் எண்டால் ஒரு பெரிய எண்ணுக்கும் பேர். கோடிக்கு மேல போற தொகைகளுக்கு பழைய தமிழர் பூவின்ர பேரும் தண்ணியின்ர பேரும் வைச்சிருந்திருக்கினம், நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் எண்டு பரிபாடலில வரிசையா வருது. தொல்காப்பியத்தில "ஐ, அம், பல்" எண்டு முடியிற எண்ணுப்பேருக்கு ஒரு விதி இருக்கு, அந்த "பல்" ஆம்பல்தான் எண்டு உரைகாரர் சொல்லுறவை. கணக்கு வாத்தியார் ஒருவர் இதைக் கேட்டிட்டு "அப்ப இவள் கணக்கில விடமாட்டாள்" எண்டார், இப்ப பிள்ளை ஒண்டு ரெண்டு சொல்லேக்க ஆறை விட்டிட்டு ஏழுக்குப் போகுது, பாப்பம்.

பிறகு ஆம்பல் எண்டு ஒரு குழலும் இருக்கு. சிலப்பதிகாரத்தில ஆய்ச்சியர் குரவையில இடைப்பெண்கள் கைகோத்து ஆடேக்க கண்ணனைப் பாடி "ஆம்பலந் தீங்குழல் கேளாமோ தோழி" எண்டு பாடுறவை. கோவலன் சிலம்பு விக்கப் போன பிறகு, மாதரி வீட்டில கண்ணகி காத்துக்கொண்டிருக்கிற நேரம் நடக்கிற கூத்து அது. எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. மதுரையை எரிச்சிட்டு வந்த கண்ணகி பத்தாவதா இளைப்பாறின இடம் வற்றாப்பளை எண்டுதானே எங்கட ஐதீகம், வைகாசிப் பொங்கலுக்கு சிலாவத்தைக் கடலில தண்ணி எடுத்து வந்து அந்த உப்புத்தண்ணியில விளக்கு எரிக்கிறதை சின்னனில இருந்து பாத்து வளந்த ஆக்கள் நாங்கள். அந்த அம்மாளின்ர கதைக்குள்ள ஊதின குழலின்ர பேர் எண்டு சொன்னாப் பிறகுதான் என்ர மாமி அடங்கினவ. உங்கட மாமிக்கும் சொல்லிப் பாருங்கோ.

முத்தொள்ளாயிரத்தில ஒரு வெண்பா எனக்குச் சரியான விருப்பம். சேர நாட்டுச் சேற்று வயலில செவ்வாம்பல் ஒரேயடியா விரியுது, அரக்குச் சிவப்பு. அதைப் பாத்த பறவையள் தண்ணி தீப்பிடிச்சிட்டுது எண்டு பயந்து குஞ்சுகளைச் செட்டைக்குள்ள மூடுதுகளாம். அந்த நாட்டில இருக்கிற ஒரே ஆரவாரம் இதுதான், மற்றப்படி சண்டை சச்சரவு இல்லை எண்டு ராசாவைப் புகழுறார் புலவர். குஞ்சைச் செட்டைக்குள்ள மூடுற பயம் எங்களுக்குத் தெரிஞ்ச பயம், ஆனா பூவைக் கண்டு பயப்பிடுற அளவுக்கு நிம்மதியான நாடு எண்டு நினைச்சுப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு.

இன்டநெற்றில பாத்தா "ஒரு பூ" எண்டு மட்டும் போட்டிருக்கு. வேற கருத்து இல்லையோ?

இதுதான் நான் ஆறுதலாச் சொல்ல விரும்புற பதில். பேர் போடுற பக்கங்களில கருத்து எண்டு ஒரு சொல்லுத்தான் போடுவினம். ஆனா இந்தப் பேரின்ர உண்மையான கருத்தை நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில பாடமாக்கி இருக்கிறியள், மறந்துபோனியள் அவ்வளவுதான். ஔவையாற்ற மூதுரை:

அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்
உற்றுழித் தீர்வார் உறவல்லர் அக்குளத்தில்
கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே
ஒட்டி உறுவார் உறவு.

குளத்தில தண்ணி இருக்குமட்டும் இருந்திட்டு வத்தின உடன பறந்துபோற பறவை சொந்தமில்லை, தண்ணி வத்தினாலும் அந்தக் குளத்தோடயே ஒட்டிக்கிடக்கிற கொட்டி, ஆம்பல், நெய்தல் மாதிரியான ஆக்கள்தான் சொந்தம். இதை ஔவையார் எந்தக் குளத்தைப் பாத்துப் பாடினாவோ, ஆனா வன்னியில ஆடி ஆவணியில ஒரு சின்னக் குளத்தடிக்குப் போய்ப் பாத்தீங்கள் எண்டால் அப்பிடியே இருக்கும். தரை வெடிச்சு, மாடு கால் வைச்ச பள்ளங்கள் காஞ்சு கல்லாகி, கொக்கு நாரை ஒண்டையும் காணேலாது. கிண்டிப் பாத்தா உள்ள கிழங்கு இருக்கும். ஐப்பசி மழை விழுந்து தண்ணி நிக்க, ஆரும் நடாமலே அதில இருந்து இலை வரும். கொட்டி எண்டதும் எங்கட கொட்டிக்கிழங்குதான், அவிச்சுச் சாப்பிட்ட ஆக்களுக்குத் தெரியும்.

நாங்கள் ஊரை விட்டுப்போட்டு ஓடி, முகாமில இருந்து, திரும்பி வரேக்க வீடு இல்லை, கிணறு தூர்ந்து போச்சு, பாதையே பத்தை மண்டிக் கிடந்தது, குளத்தில மட்டும் ஆம்பல் பூத்திருந்தது. பிள்ளைக்கு ஒரு காலத்தில இந்தப் பேர்தான் வைக்கிறது எண்டு அப்பவே மனசில விழுந்திட்டுது. அதால எங்களைப் பொறுத்தவரை ஆம்பல் எண்டால் விட்டிட்டுப் போகாதவள். ஆரும் கேட்டா அப்பிடித்தான் சொல்லுறன்.

புறநானூற்றில ஆம்பல் கைம்பெண்ணின்ர சாப்பாடு எண்டு வருதாமே, அப்ப கூடாத பேரோ?

இந்தக் கேள்வி படிச்ச ஆக்கள் ஆராவது கேப்பினம், அதால நேரடியாச் சொல்லிவிடுறது நல்லது. ஓம், வருது. 248ஆவது பாட்டு, ஒக்கூர் மாசாத்தனார் பாடினது. புருசன் செத்த ஒரு பொம்பிளை சொல்லுறா, பாவம் இந்தச் சின்ன வெள்ளாம்பல், நான் இளம்பெட்டையா இருக்கேக்க இடுப்பில கட்டுற தழையா இருந்தது, இப்ப அவர் போன பிறகு நேரங்கெட்ட நேரத்தில தின்னுற அல்லி அரிசியா ஆகிட்டுது எண்டு. அந்தக் காலத்தில கைம்பெண்கள் நெல்லுச்சோறு சாப்பிடாமல் இந்த விதையை எடுத்துத்தான் சமைச்சிருக்கினம். அரிசி எண்டால் நீங்கள் நெல்லு மாதிரி நினைக்கக்கூடாது, ஆம்பல் காய் தண்ணிக்கு அடியில பழுத்து உடைஞ்சா உள்ள கடுகிலும் சின்ன விதை ஆயிரக்கணக்கில இருக்கும், அதைக் கழுவிக் காயவைச்சு எடுக்கோணும். சிங்கள ஆக்கள் ஓலு ஹால் எண்டு இப்பவும் சமைக்கினம், சீனி வருத்தக்காரருக்கு நல்லதெண்டு கடையில நல்ல விலைக்கும் போகுது. எங்கட ஒலுமடு எண்ட ஊர்ப்பேரைக் கேக்கிற நேரமெல்லாம் எனக்கு அந்த ஓலுதான் ஞாபகம்.

இந்தப் பாட்டைச் சொன்ன உடன எங்கட வீட்டிலயும் ஒரு சண்டை வந்தது. என்ர அம்மம்மா "ஏன் பிள்ளை, தாலி இழந்தவள் திண்ட அரிசியின்ர பேரையோ பச்சைப்பிள்ளைக்கு வைக்கப் போறாய்" எண்டா. அவவே முப்பது வயசில தாத்தாவை இழந்து அஞ்சு பிள்ளையை வளத்தவ. நான் ஒண்டும் சொல்லேல்லை, என்ர தங்கச்சிதான் "அம்மம்மா, நீங்கள் என்ன திண்டு எங்கட அம்மாவை வளத்தனீங்கள்" எண்டு கேட்டாள். பிறகு அந்தக் கதையை ஆரும் எடுக்கேல்லை.

என்ர அபிப்பிராயம் என்னெண்டால், சகுனம் பாத்தா தமிழில ஒரு பூவும் மிஞ்சாது, அத்தனை பூவுக்கும் ஒரு சாவுப் பாட்டு இருக்கு. வன்னியில புருசன் இல்லாமல் பிள்ளையளை வளக்கிற பொம்பிளையள் எத்தினை பேர், அவையைச் சகுனமா நினைக்கிறதை முதல்ல விடோணும், பேர் பிறகு.

அம்பாளோ? அம்பலமோ? அம்பலோ?

மூண்டும் இல்லை. அம்பாள் சாமி. அம்பலம் எண்டால் சிதம்பரத்து அம்பலம், அம்பலவாணர் எண்ட பேர் அதில இருந்து வந்தது. அம்பல், குறில் அ போட்டா, பழைய பாட்டுகளில ஊருக்குள்ள மெல்லமாக் கிளம்புற காதல் கிசுகிசு, "அம்பலும் அலரும்" எண்டு சேத்துச் சொல்லுவினம். நெடில் ஆ, கடைசியில சின்ன ல், ஆம்பல். ஆம்பள் எண்டு எழுதவும் கூடாது. எங்கட பிள்ளையின்ர கிளினிக் கொப்பியில முதல் தரம் அம்பாள் எண்டு எழுதிப்போட்டினம், வெட்டித் திருத்தினது இண்டைக்கும் அந்தக் கொப்பியில கிடக்கு. சிங்களத்தில அம்ப எண்டால் மாங்காய், அம்பலம எண்டால் வழிப்போக்கர் மடம், கொழும்பில பேர் சொல்லேக்க ஆ எண்டு நல்லா இழுத்துச் சொல்லுங்கோ.

பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணுவினமோ?

பண்ணுவினம். பொய் சொல்ல மாட்டன். "ஆம்பிளை" எண்டு கூப்பிடுவினம், அதுதான் முதல் வாறது. ரெண்டாவது "அம்புலன்ஸ்". முன்பள்ளியில ஒரு பெடியன் இவளைக் கண்டதும் சைரன் ஊதிக்கொண்டே ஓடுவான், இவளும் பின்னால சைரன் ஊதிக்கொண்டு ஓடுவாள், ரெண்டு பேரும் நல்ல கூட்டு. போனில தமிழில அடிச்சாலும் கீபோட் ஆம்பளை எண்டு தானே மாத்திப் போடும், கவனமாப் பாத்து அனுப்புங்கோ, வாழ்த்து மெசேச்சில ஒருத்தர் அப்பிடியே அனுப்பிப்போட்டார்.

ஆனா எந்தப் பேருக்கும் பகிடி இருக்கு. பிள்ளைக்குப் பூவைக் காட்டிக் குடுங்கோ, அது காணும். குளத்தடியில "இது என்ர பேர்" எண்டு கை காட்டிற பிள்ளையை ஆர் என்ன சொல்லியும் ஒண்டும் செய்யேலாது.

எத்தினை பேருக்கு இந்தப் பேர் இருக்கு? இப்ப கூடி வருதோ?

குறைவு. நான் அறிய எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்களில வேற ஒரு ஆம்பல் இல்லை. வெளிநாட்டுப் பட்டியலில தேடுறவைக்கு ஒண்டு சொல்லோணும், அமெரிக்காவில ஒரு வருசத்தில 5 பிள்ளைக்குக் குறைய வைச்ச பேரை வெளியிடமாட்டினம், இங்கிலாந்தில 3க்குக் குறைஞ்சா போடமாட்டினம். அதால பட்டியலில காணேல்லை எண்டால் ஒருத்தரும் வைக்கேல்லை எண்டு அர்த்தமில்லை. லண்டனிலயோ கனடாவிலயோ ஒரு தமிழ் வீட்டில ஒரு ஆம்பல் இருக்கலாம்.

வன்னியில முந்தி எப்பிடியான பேருகள் இருந்தது? இப்ப ஏன் எல்லாம் ஷ, க்ஷ எண்டு வருது?

அம்மம்மா காலத்தில கண்ணகை, நாகம்மா, வள்ளிப்பிள்ளை, தெய்வானை, ஐயம்பிள்ளை, குலதெய்வத்தின்ர பேர்தான். அதுக்குப் பிறகு குமுதினி, சறோஜா, புஸ்பராணி எண்டு வடமொழிப் பூக்கள் வந்தது. 1990களிலயும் 2000களின்ர முதல் பாதியிலயும் தமிழ்ப்பேர் வைக்கோணும் எண்ட எண்ணம் வன்னியில பெரிசா இருந்தது, அந்தக் காலத்தில பிறந்த ஆக்களைப் பாருங்கோ, யாழினி, தமிழினி, கயல்விழி, எழிலன், அகிலன் எண்டு இருப்பினம். இந்தியாவில 1916இல தனித்தமிழ் இயக்கம் துவங்கேக்க சுவாமி வேதாசலம் தன்ர பேரையே மறைமலையடிகள் எண்டு மாத்தினவர், அந்தக் காத்து இஞ்ச வந்து சேர எத்தினையோ வருசம் பிடிச்சது, ஆனா வந்த பிறகு வீட்டுக்கு வீடு வீசினது.

2009க்குப் பிறகு மாறிட்டுது. எண்சாத்திரக்காரர் எழுத்துக் குடுக்க, அதுக்குள்ள சத்தம் வடிவா வாற மாதிரி ஒரு பேரை உருவாக்கிறது, டிலக்ஷிகா, யதுர்ஷன், கிருஷிக்கா எண்டு. பேரில ஒரு பிழையும் இல்லை, பிள்ளையள் அருமையான பிள்ளையள், ஆனா கருத்துக் கேட்டா தாய் தேப்பன் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாப்பினம். எனக்கு என்ன கவலை எண்டால், எங்கட முல்லைத்தீவு மாவட்டத்தின்ர பேரிலயே முல்லை, பக்கத்துக் கிளிநொச்சியில நொச்சி, ஊருக்கு ஊர் மருது, புளி, பாலை, நாவல், இவ்வளவும் கண்ணுக்கு முன்னால நிக்கேக்க பேரைத் தேடி யூரியூப்புக்குப் போறம்.

எந்த நட்சத்திரத்துக்குப் பொருந்தும்? எண் என்ன வரும்?

கார்த்திகைக்கு அ, இ, உ, எ எண்டு எழுத்துச் சொல்லுறவை, நெடிலையும் சேத்துத்தான் எடுக்கிறது, அதால ஆ பொருந்தும். மற்ற நட்சத்திரக்காரர் வைக்கக்கூடாது எண்டு இல்லை, எங்கட பிள்ளை கார்த்திகை இல்லை.

எண் பாக்கிறவைக்கு ஒரு பெரிய பகிடி இருக்கு. இங்கிலிஸில எப்பிடி எழுதுறம் எண்டதில எண் மாறும். ஏ, எம், பி எண்டு அம்பாறைக்கு வாற பி போட்டு எழுதினா 17, கூட்டினா 8, எண்சாத்திரக்காரர் எட்டு எண்டதும் முகத்தைச் சுழிப்பினம். அந்த பியை எடுத்துப்போட்டு பஸ்ஸுக்கு வாற பி போட்டா 11, கூட்டினா 2. முன்னுக்கு ரெண்டு ஏ போட்டா 12, அது 3. ஒரே பிள்ளை, ஒரே பேர், எழுத்தை மாத்தினா விதி மாறுமாம். நம்புறவை நம்பட்டும், நான் கணக்கை மட்டும் சொல்லுறன்.

அப்ப இங்கிலிஸில எப்பிடி எழுதுறது நல்லது?

இலங்கை வழக்கத்தில ம்ப வந்தா கனபேர் அம்பாறையில வாற பிதான் போடுறவை, அம்பலவாணர் எண்டவையிலயும் சிலர் அதைத்தான் போடுவினம். ஆனா வெளிநாட்டுக்காரர் அதை அப்பிடியே வல்லினமா வாசிப்பினம், "அம்ப்பல்" எண்டு வரும். அதோட ஒரு ஏ மட்டும் போட்டா வெளியில அம்பாள் எண்டு வாசிக்கிறதுக்கும் இடமிருக்கு. நான் ரெண்டு ஏ, பஸ் பி போட்டனான், ஏ, ஏ, எம், பி, ஏ, எல். நீங்கள் எதைப் போட்டாலும் பரவாயில்லை, ஒரு நாளும் மாத்தாதையுங்கோ. பள்ளிக்கூடத்தில ஒண்டு, பாஸ்போட்டில ஒண்டு, வங்கிப் புத்தகத்தில ஒண்டு எண்டு இருந்தா பிறகு எல்லாம் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சுக்கொண்டு திரியோணும், வெளிநாட்டு விசா எடுக்கேக்க அழ வைக்கும்.

பேர் பதிவுக்கு எவ்வளவு நாள் இருக்கு? 31க்குப் பிறகு வைச்சாக் காணுமோ?

காணும். பிள்ளை பிறந்து 42 நாளுக்குள்ள பதியோணும், பிறந்த இடத்துக்குரிய பிறப்பு இறப்புப் பதிவாளரிட்ட. துடக்குக் கழிவு 31இல முடிஞ்சா மிச்சம் 11 நாள் இருக்கு, அதுக்குள்ள முடிவெடுங்கோ. கவனம், நீங்கள் முல்லைத்தீவில இருந்தாலும் பிள்ளை வவுனியாவில பிறந்தா வவுனியாப் பதிவாளர்தான். 3 மாதம் தாண்டினா காலங்கடந்த பதிவு, அதுக்கு வேற கடதாசியள் எல்லாம் வேணும், அலைச்சல். பேர் பிழைச்சுப் போனா அல்லது பிறகு மாத்த விரும்பினா 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தில 27ஆம் பிரிவின்ர கீழ விண்ணப்பிக்கலாம், ஆனா அதுக்கு விடாதையுங்கோ. பேரை ஒரு துண்டில பெரிய எழுத்தில எழுதிக்கொண்டு போய்க் குடுங்கோ, வாயால சொன்னா அம்பாள்தான். கையெழுத்து வைக்க முதல் ஆ-வின்ர சுழியையும் கடைசி ல்-ஐயும் ஒருக்கா விரல் வைச்சுப் பாருங்கோ.

கிறிஸ்தவ ஆக்களும் வைக்கலாமோ?

ஏன் ஏலாது? பூவுக்கு என்ன சமயம். மன்னார்ப் பக்கம் ஞானஸ்நானப் பேர் ஒண்டும் வீட்டுப்பேர் ஒண்டும் வைக்கிறது வழமைதானே, மரியா ஆம்பல் எண்டு சொல்லிப் பாருங்கோ, நல்லாத்தான் இருக்கு.

ஆம்பிளைப் பிள்ளைக்கு வைக்கலாமோ?

தனியே ஆம்பல் எண்டு பெடியனுக்கு வைச்சு நான் கேள்விப்படேல்லை. ஆம்பலன் எண்டு சிலர் யோசிச்சவை, என்னட்டைக் கேட்டா வேண்டாம், வலிந்து செய்த மாதிரி இருக்கு. பெடியனுக்கு மருதன், வாகையன், நன்னன் எண்டு வேற எவ்வளவோ கிடக்கு.

ஆம்பல்விழி, ஆம்பலினி எண்டு சேத்து வைக்கலாமோ?

ஆம்பல்விழி பரவாயில்லை. ஆம்பற்குழலி எனக்குப் பிடிச்சது, அந்தக் குழலும் பூவும் ரெண்டும் வருது, ஆனா பள்ளிக்கூடத்தில ஆசிரியைமார் ல்-ஐயும் ற்-ஐயும் போட்டுப் பிசைவினம். ஆம்பலினி எண்டது யாழினியைப் பாத்துச் செய்தது. தகப்பன்ர பேர் முன்னுக்கு வரத்தானே போகுது, எங்கட தகப்பன்மாற்ற பேருகள் சும்மாவே ஒரு முழம் நீளம், அதால பிள்ளையின்ர பேரைச் சின்னனா விடுங்கோ. வீட்டில நாங்கள் ஆம்பு எண்டு கூப்பிடுறம், கோவம் வந்தா முழுப்பேர்.

அடுத்த பிள்ளைக்கு இதோட ஒத்துப்போற பேர் என்ன?

எங்களுக்கு ரெண்டாவது பெட்டை எண்டால் நொச்சி எண்டு வைக்கிற எண்ணம் எனக்கு, அவர் வேண்டாம் எண்டு நிக்கிறார், நோய்க்கு ஆவி பிடிக்கிற இலையின்ர பேரோ எண்டு கேக்கிறார். காயா, வெட்சி, முல்லை, கொன்றை எண்டும் ஒரு துண்டில எழுதி பிறிஜ்ஜில ஒட்டி வைச்சிருக்கிறம். காயா எங்கட காசா மரத்தின்ர பூ, நீலப்பூ, ஆனா சிவப்பு வெட்சிக்குத்தான் மாமி இப்ப சாய்ஞ்சிருக்கிறா. பெடியன் எண்டால் மருதன், அதில மட்டும் ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை.